உறைமோரை மாற்றும் வித்தை: அரிவாள் செல் நோயில் பக்கவாதமும் ஸ்டெம் செல் சிகிச்சையும்

சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துக்காரர். கணவரின் வேலைக்காகக் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. 6 வயது மகளுக்கு அரிவாள் செல் நோய் இருப்பது ஊரிலேயே தெரிந்துவிட்டது.

"அக்கா, நீங்க ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்த்தவங்கதானே? இதக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்று கைபேசியை நீட்டினார். குடும்பக் குழுவில் யாரோ அனுப்பிய ஒலிப்பதிவு. இந்த நோயுள்ள பிள்ளைக்கு ஸ்ட்ரோக் கட்டாயம் வருமாம். வந்தாலும் பயப்பட வேண்டாமாம். ஸ்டெம் செல் ஊசி ஒன்று போட்டால் மூளை புதிதாக வளர்ந்துவிடுமாம். பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்காமல் விட்ட பெற்றோர் பெரிய தவறு செய்துவிட்டார்களாம்.

கேட்டு முடித்ததும் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். செய்யாத தவறுக்காகக் கூனிக் குறுகி நின்றார். அதைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் மருத்துவர் இல்லை. ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் 22 ஆண்டு வேலை பார்த்தவள். எந்தப் பிள்ளைக்கு என்ன சிகிச்சை என்பதை அந்தப் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் உடம்புக்குள் நடப்பது என்ன, இந்தச் சிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை எளிய தமிழில் சொல்ல முடியும்.

பால் பாழான கதை

நம் ரத்தம் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் சிவப்பணுக்கள். அவற்றுக்குள் நிறைந்திருக்கும் புரதத்தின் பெயர் ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டு போய் உடம்பெங்கும் இறக்கிவைப்பது அதன் வேலை. ஏற்றுவதும் இறக்குவதும் நாள் முழுக்க நடக்கும்.

இந்தப் புரதம் நான்கு சங்கிலிகள் சேர்ந்தது. அவற்றில் பீட்டா எனப்படும் சங்கிலியில் 146 மணிகள் கோத்தது போல 146 அமினோ அமிலங்கள் உண்டு. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்பதை நம் மரபணு சொல்கிறது. அரிவாள் செல் நோயில் 6வது மணி மட்டும் மாறிவிடுகிறது. குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்காருகிறது. மற்ற 145 மணியும் சரியாகவே இருக்கின்றன.

ஒரு மணியில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். 'பால்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பாழ்' என்று எழுதிப் பாருங்கள். மாறியது ஓர் எழுத்துதான்.

மாறிய அந்த இடம் பசை தடவியது போல ஒட்டும் தன்மை கொண்டது. ஆக்ஸிஜனைச் சுமந்திருக்கும் வரை தொல்லை இல்லை. இறக்கிவைத்த உடனே ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகின்றன. அந்தக் கம்பிகள் உள்ளிருந்து குத்தி நீட்ட, பஞ்சுபோல் வளைந்து நெளிய வேண்டிய சிவப்பணு விறைத்து, கதிரறுக்கும் அரிவாள் வடிவத்துக்கு இழுபட்டுப்போகிறது.

1910ல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த வடிவத்தைப் பற்றி முதலில் எழுதினார். கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்பதை 1949ல் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வெர்னன் இங்கிராம் அந்த ஒற்றை மணியைக் கண்டுபிடித்தார். காரணம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த முதல் மரபு நோய் இதுதான். சிகிச்சைக்குத்தான் அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஆகின.

கண்ணாடித் தகட்டில்

சிங்கப்பூரில் இந்த நோய் அரிது. இங்கே நம் காதில் அதிகம் விழுவது தலசீமியா என்ற மற்றொரு பரம்பரை ரத்தசோகை நோய். மக்கள்தொகையில் 100 பேருக்கு 3, 4 பேர் அதன் மரபணுவைச் சுமப்பவர்கள். அதனால் தலசீமியா ரத்தத்தை நுண்ணோக்கியில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அரிவாள் செல்லை முதன்முதலாகப் பார்த்தது வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான்.

நல்ல சிவப்பணு நடுவில் விரலால் அழுத்திய சின்ன வடை போலிருக்கும். ஓட்டை மட்டும் இருக்காது. அன்று அந்தத் தகட்டை நகர்த்திக்கொண்டே போனபோது வட்டங்களுக்கிடையே இரண்டு முனையும் கூராக, வாழைப்பழம் போல வளைந்த ஒன்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன், மற்றொன்று. கை நின்றுவிட்டது. வடிவம் பாடப்புத்தகத்தில் பார்த்ததுதான். ஆனால் தகட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் நோயாளியின் வயது 4 என்றிருந்தது.

நல்ல சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் செல் 10 முதல் 20 நாளிலேயே உடைந்துபோகும். உற்பத்தி எவ்வளவு வேகமாக நடந்தாலும் இழப்புக்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால் ரத்தசோகை. விறைத்த அணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்வதால் எலும்பிலும் மார்பிலும் தாங்க முடியாத வலி. காய்ச்சல், உடம்பில் நீர் வற்றுவது, கடுங்குளிர் எல்லாம் இந்த வலியைத் தூண்டும். கடைத்தொகுதிகளின் குளிர்சாதனக் காற்றுக்கு அந்தக் கூடலூர்த் தாய் எப்போதும் பையில் ஒரு ஸ்வெட்டர் வைத்திருப்பார். அது வீண் பயம் இல்லை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: மரபணுவில் ஓர் எழுத்து மாறுகிறது, அதனால் ஹீமோகுளோபின் ஒட்டிக்கொள்கிறது, சிவப்பணு விறைத்து, சீக்கிரம் உடைந்து, வழியிலும் சிக்குகிறது.

சர்க்கரையும் பிரஷரும் இல்லாத பிள்ளைக்கு எப்படி?

மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போவது நின்று, அந்தப் பகுதி செத்துப்போவதுதான் பக்கவாதம். ரத்தக்குழாய் வெடித்துக் கசிவதாலும் வரலாம். நாம் பொதுவாக ஸ்ட்ரோக் என்று சொல்வது இதைத்தான். தாத்தா பாட்டிக்கு வருவது என்றே நம் மனத்தில் பதிந்துவிட்டது.

தடுப்பு எதுவும் செய்யாமல் விட்டால், அரிவாள் செல் நோயின் கடுமையான வகை உள்ளவர்களில் 100க்கு 11 பேருக்கு 20 வயதுக்குள் பக்கவாதம் வந்துவிடுகிறது என்று அமெரிக்காவில் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று காட்டியது. குழாய் அடைப்பால் வரும் வகைக்கு 2 வயது முதல் 9 வயது வரை ஆபத்து மிகுந்த காலம். ஆக, ஒலிப்பதிவில் சொன்ன 'கட்டாயம் வரும்' தவறு. அதற்காக 'பிள்ளைக்கு வராது' என்று நினைப்பதும் பெரிய தவறு.

விறைத்த அணுக்கள் நுண்ணிய குழாய்களில் அடைத்துக்கொள்வதால்தான் பக்கவாதம் வருகிறது என்றே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். நடப்பது அதைவிடச் சிக்கலானது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள், கழுத்து வழியே ஏறித் தலைக்குள் கிளை பிரியும் இடத்தில், மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டு வருகின்றன.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. சோகையால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவு. வளரும் பிள்ளையின் மூளைக்கோ நிறைய வேண்டும். ஈடுகட்ட மூளைக்கு ரத்தம் வழக்கத்தைவிட வேகமாகப் பாய்கிறது. அந்த ஓட்டமும் உரசிச் செல்லும் ஒட்டும் அணுக்களும் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து சிதறும் ஹீமோகுளோபின், குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை உறிஞ்சிவிடுகிறது. புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. பிறகு ஒரு காய்ச்சலோ சோகை திடீரெனக் கூடுவதோ போதும்.

வெளியே தெரியாத பாதிப்பும் உண்டு. கை கால் விழாது, பேச்சு குழறாது, ஆனால் எம்ஆர்ஐ எடுத்தால் மூளையில் சின்னச் சின்னத் தழும்புகள் தெரியும். இதை அமைதியான மூளைப் பாதிப்பு என்கிறார்கள். கடுமையான வகை உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பதின்ம வயதுக்குள் இது வந்துவிடுகிறது. பள்ளியில் கவனம் சிதறும், கணக்கு வராது, சொன்னதை மறந்துவிடும். 'சோம்பேறி' என்று பெயர் வாங்கும் பிள்ளையின் தலைக்குள் இது இருக்கலாம் என்பதை ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உள்ளபடியே விரும்புகிறேன்.

ரப்பர் குழாயும் கட்டைவிரலும்

தேக்கா ஈரச்சந்தையில் கடை மூடும் நேரத்தில் தரை கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடியதும் தண்ணீர் பீறிட்டுப் பாயும். வழி குறுகினால் வேகம் கூடும்.

மூளைக் குழாய் குறுகுகிறதா என்று கண்டுபிடிப்பதும் இதே தத்துவம்தான். அந்தப் பரிசோதனையின் பெயர் டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர், சுருக்கமாக டிசிடி. கருவுற்ற பெண்களுக்கு எடுக்கும் ஸ்கேனைப் போல ஒலியலையால் செய்வது. ஊசி இல்லை, கதிரியக்கம் இல்லை. பிள்ளையின் நெற்றிப்பொட்டில், எலும்பு மெல்லிதாக இருக்கும் இடத்தில், கொஞ்சம் ஜெல் தடவிக் கருவியை வைப்பார்கள். ரத்தம் நொடிக்கு எத்தனை சென்டிமீட்டர் ஓடுகிறது என்பது திரையில் வரும்.

170க்குக் கீழே இருந்தால் நல்லது. 170 முதல் 199 வரை என்றால் கூர்ந்து கவனிக்க வேண்டும். 200ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அபாயம்: சிகிச்சை இல்லாவிட்டால் அப்படிப்பட்ட 100 பிள்ளைகளில் ஆண்டுக்குச் சுமார் 10 பேருக்குப் பக்கவாதம் வரும். அதனால்தான் 2 வயது முதல் 16 வயது வரை ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்யச் சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், ஸ்டெம் செல்லை விட்டுவிட்டு டிசிடியை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பக்கவாதம் வருவதற்கு முன்பே எச்சரிக்கும் கருவி மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. அரைமணி நேர வேலை. இதைப் பற்றி எந்த ஒலிப்பதிவும் பேசுவதில்லை.

அடுத்தவர் ரத்தம் தரும் அவகாசம்

டிசிடியில் 200ஐத் தாண்டிய 130 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 1998ல் வெளிவந்தது. ஒரு பாதியினருக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ரத்தம் ஏற்றாதவர்களில் 11 பேருக்குப் பக்கவாதம் வந்தது, ஏற்றியவர்களில் ஒருவருக்கு. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைத் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்தி எல்லாருக்கும் ரத்தம் ஏற்ற வழிசெய்தார்கள்.

புதிய ரத்தம் ஏறும்போது அரிவாளாகும் ஹீமோகுளோபினின் பங்கு குறைகிறது. அதை 100க்கு 30க்குக் கீழே வைத்திருப்பதுதான் குறி. சிக்கல் என்னவென்றால், இது முடிவில்லாத வேலை. 3, 4 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஆபத்து திரும்புகிறது என்பதையும் பின்னொரு ஆய்வு காட்டிவிட்டது. ஒரு பை ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்புச்சத்து இருக்கும். உடம்புக்கோ நாளொன்றுக்கு 1, 2 மில்லிகிராம்தான் வெளியேற்றத் தெரியும். மிச்சம் ஈரலிலும் இதயத்திலும் படியும். அதை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும். தலசீமியா குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை.

ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரையும் இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கென்று தனி ஹீமோகுளோபின் ஒன்று உண்டு, அது அரிவாளாகாது. பிறந்து சில மாதங்களில் அதன் உற்பத்தி அடங்கிவிடும். இந்த மாத்திரை அதை மறுபடி கிளப்பிவிடுகிறது. ஓராண்டாவது ரத்தம் ஏற்றி, மூளைக் குழாய்கள் கடுமையாகக் குறுகாத பிள்ளைகள், மருத்துவர் மேற்பார்வையில் இந்த மாத்திரைக்கு மாறலாம் என்று 2016ல் வந்த ஆய்வு காட்டியது. மலிவானது, வீட்டிலேயே சாப்பிடலாம். இந்திய வகை அரிவாள் செல் நோயில் பலருக்கு இந்தக் குழந்தை ஹீமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதனால் நோய் சற்றுத் தணிவாக இருப்பதுண்டு. எல்லாருக்கும் அப்படி என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

சுருங்கச் சொன்னால், மூளைக் குழாய் குறுகுவதை டிசிடி காட்டும். ரத்தம் ஏற்றுவதும் மாத்திரையும் பக்கவாதத்தைத் தள்ளிவைக்கும். ரத்தம் உற்பத்தியாகும் இடம் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும்.

உறைமோர்

இப்போது ஸ்டெம் செல்லுக்கு வருவோம். தமிழில் குருத்தணு என்கிறார்கள். வாழைக்குருத்து போல, இனிமேல்தான் விரியப்போகிற அணு. குருத்தணுவில் பல வகை உண்டு. நாம் பேசுவது எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் வாழும், ரத்தத்தை மட்டுமே உண்டாக்கும் வகை. மூட்டுவலிக்கு, முகச்சுருக்கத்துக்கு, முடி வளர என்றெல்லாம் விளம்பரம் செய்யப்படும் 'ஸ்டெம் செல்' வேறு விவகாரம். ஒரே பெயர் இருப்பதால்தான் பாதிக் குழப்பம்.

வீட்டில் தயிர் தோய்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பானை நிறையத் தயிர் இருந்தாலும் நாளைய தயிரைத் தீர்மானிப்பது எடுத்துவைத்த ஒரு கரண்டி உறைமோர். அது கெட்டிருந்தால் நாளைக்கும் கெட்ட தயிர், மறுநாளும் கெட்ட தயிர். குருத்தணுதான் ரத்தத்தின் உறைமோர். அது தன்னைத் தானே பெருக்கிக்கொண்டே நாள்தோறும் கோடிக்கணக்கான சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. மாறிய எழுத்து அதற்குள் இருப்பதால் உண்டாகும் ஒவ்வொரு சிவப்பணுவிலும் அதே பிழை.

ரத்தம் ஏற்றுவது, புளித்த பானையில் கடைத்தயிர் வாங்கி ஊற்றுவது போல. குருத்தணு மாற்று என்பது பானையைக் கழுவி வேறொரு வீட்டு உறைமோரை ஊற்றுவது. எலும்பு மஜ்ஜை மாற்று என்று நாம் கேள்விப்படுவதும் இதுதான்.

பானையைக் கழுவுவதுதான் கடினமான பகுதி. புற்றுநோய்க்குக் கொடுப்பது போன்ற கடும் மருந்துகளை ஒரு வாரம் அல்லது அதற்கு மேலும் கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், நோய் எதிர்ப்பு சக்தி அறவே இருக்காது. பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். இதைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசியாக வேண்டும். நம் குடும்பங்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இது. தயவுசெய்து கேளுங்கள்.

அதற்குப் பிறகு வரும் அந்த நாள் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அறுவை எதுவும் இல்லை. ரத்தப் பை போலவே ஒரு பை. ரத்தக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். புதிய குருத்தணுக்கள் தாங்களாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறுகின்றன. வேர்பிடிக்க 2 முதல் 4 வாரம் ஆகும்.

ஆய்வகத்தில் எனக்கு வியப்புத் தந்த ஒன்றைச் சொல்கிறேன். இப்படி மாற்று செய்துகொண்ட ஒருவரின் ரத்த வகை, சிகிச்சைக்கு முன் ஓ. பல மாதம் கழித்து வந்த குழாயைச் சோதித்தால் ஏ என்று வந்தது. ஆள் மாறிவிட்டதோ என்று சீட்டை இரண்டு முறை சரிபார்த்தேன். ஆள் அவர்தான். ரத்தம் உண்டாக்கும் அணுக்கள் கொடையாளருடையவை என்பதால் ரத்த வகையும் கொடையாளருடையதாகிவிட்டது. உறைமோர் மாறியதை அன்று என் கண்ணாலேயே பார்த்தேன்.

பானை முழுக்கப் புதிய உறைமோராக இருக்க வேண்டியதில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. மஜ்ஜையில் 5ல் 1 பங்கு கொடையாளரின் அணுக்களாக நிலைத்தாலே நோய் அடங்கிவிடும். அரிவாள் செல்கள் சில நாளில் உடைந்துபோக, நல்லவை 120 நாள் வாழ்வதால் ஓடும் ரத்தத்தில் பெரும்பாலும் நல்லவையே மிஞ்சும்.

எந்த வீட்டு உறைமோர்?

நம் அணுக்களின் மேல் அடையாள அட்டை போன்ற குறிகள் இருக்கின்றன. எச்எல்ஏ என்று பெயர். இவை பொருந்தாவிட்டால், குடியேறிய எதிர்ப்பு அணுக்கள் பிள்ளையின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாக நினைத்துத் தாக்கும். இதைக் கொடை எதிர்வினை என்று சொல்லலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

பொருத்தமான கொடையாளர் பெரும்பாலும் கூடப்பிறந்தவர்தான். ஒவ்வொரு அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கும் முழுப் பொருத்தம் இருக்க 4ல் 1 வாய்ப்பு. அவருக்கும் இதே நோய் இருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 16ல் 3. மாறிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவராக இருந்தால் கொடுக்கலாம், தடையில்லை. தாயோ தந்தையோ பாதிப் பொருத்தத்தில் கொடுக்கும் முறையும் இப்போது வளர்ந்துவருகிறது. ஆனால் முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்புதான் இன்றும் முதல் தெரிவு.

மஜ்ஜை மாற்றால் இந்த நோய் முதன்முதலில் குணமான செய்தி 1984ல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது. அந்தச் சிறுமிக்கு ரத்தப் புற்றுநோயும் இருந்தது. அதற்காகச் செய்த மாற்று அரிவாள் செல்லையும் தீர்த்துவைத்தது. அதன் பிறகு 1986 முதல் 2013 வரை உடன்பிறப்பிடமிருந்து பெற்ற 1,000 பேரின் விவரங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டிப் பார்த்தார்கள். 5 ஆண்டுக்குப் பிறகு 100க்கு 93 பேர் உயிருடன் இருந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் நோய் திரும்பாமல். வயது கூடக் கூட ஆபத்து கூடியது. 93 பெரிய எண்தான். மிச்சமுள்ள 7ம் யாரோ பெற்ற பிள்ளைகள். 'ஊசி ஒன்று' என்று சொல்லிக் கடந்துபோகக் கூடாது என்று நான் கோபப்படுவது அதனால்தான்.

தொப்புள்கொடி ரத்தத்துக்கு வருகிறேன். அதிலும் குருத்தணுக்கள் உண்டு; உண்மை. ஆனால் அந்தப் பிள்ளையின் கொடி ரத்தத்தில் இருப்பதும் அதே பிழையுள்ள உறைமோர்தான். அதைச் சேமித்து அவளுக்கே ஊற்றினால் அதே ரத்தம்தான் ஊறும். நோயில்லாத, பொருத்தமுள்ள தம்பி தங்கையின் கொடி ரத்தம் என்றால் பயன்படலாம். கீழ்த்தளத்தில் நின்ற அந்தத் தாயிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்: "நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா."

போனது திரும்புமா?

மூளையில் செத்துப்போன பகுதியை ரத்தக் குருத்தணு திரும்ப வளர்க்காது. அது ரத்தத்தை உண்டாக்கும், நரம்பணுவை உண்டாக்காது. பக்கவாதத்தால் விழுந்த கையை மீட்க உடற்பயிற்சிச் சிகிச்சையும், பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சியும்தான் வழி. சிறு பிள்ளைகளின் மூளை ஓரளவு புதிய பாதை போட்டுக்கொள்ளும்.

மாற்று தடுக்கப்பார்ப்பது அடுத்த பக்கவாதத்தை. அது சின்ன விஷயமில்லை. ஒருமுறை வந்து, சிகிச்சை இல்லாமல் விடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மறுபடியும் வந்திருக்கிறது. பிரான்சில், மூளைக் குழாயில் வேகம் கூடியிருந்த 67 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பொருத்தமான உடன்பிறப்பு இருந்தவர்களுக்கு மாற்று; மற்றவர்களுக்கு ரத்தம் ஏற்றுவது தொடர்ந்தது. ஓராண்டு கழித்து டிசிடி வேகம் மாற்று செய்தவர்களிடம் சராசரியாகச் சுமார் 130. மற்றவர்களிடம் சுமார் 170. 2019ல் வெளிவந்த இந்த முடிவு, உறைமோர் மாறினால் மூளைக் குழாய்களின் மீதுள்ள பளுவும் இறங்குகிறது என்பதைக் காட்டியது.

மரபணுத் திருத்தம் பற்றியும் கேட்பீர்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு ஒப்புதல் தந்தன. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. பிள்ளையின் சொந்தக் குருத்தணுவையே வெளியே எடுத்து, குழந்தை ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பூட்டைத் திறந்து, திரும்ப ஏற்றுவது. கொடையாளர் தேவையில்லை, அதனால் கொடை எதிர்வினையும் இல்லை. பானை கழுவும் கடும் மருந்து இதற்கும் உண்டு. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வு முதலில் எண்ணிப் பார்த்தது கடும் வலி நெருக்கடிகள் நின்றனவா என்பதை. பக்கவாதத்தைப் பொறுத்தவரை பல ஆண்டு கவனித்துத்தான் பேச முடியும்.

நம் வீட்டுக்குள்

இந்த மரபணு நமக்கு அந்நியமில்லை. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பதை 1952லேயே லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். மலேரியா மிகுந்த இடங்களில் இந்த மரபணுவின் ஒரு பிரதி பிள்ளைகளைக் காப்பாற்றியதால் அது தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. ஒரு பிரதி மட்டும் இருந்தால் அவர் சுமப்பவர், நோயாளி இல்லை. இங்கே சொன்ன பக்கவாத ஆபத்து அவருக்குப் பொருந்தாது. சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவிலும் 4ல் 1 வாய்ப்பு நோய்க்கு. சுமப்பவரா என்று தெரிந்துகொள்ள ஹீமோகுளோபின் வகை பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சுமப்பவர் ஒருவரும் பீட்டா தலசீமியா சுமப்பவர் ஒருவரும் மணந்தாலும் பிள்ளைக்கு அரிவாள் செல் நோயின் ஒரு வகை வரலாம். தலசீமியா பரவலாக உள்ள சிங்கப்பூரில் இதை நினைவில் வைப்பது நல்லது.

பொருந்தும் உடன்பிறப்பு இல்லாதவர்கள் கொடையாளர் பட்டியலில்தான் தேட வேண்டும். ஒரே வம்சாவளியினரிடையே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சிங்கப்பூரில் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் திட்டம் 1993 முதல் இயங்குகிறது. பெயர் பதிய, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். இந்தியர்கள் இந்நாட்டில் 10ல் ஒருவருக்கும் குறைவு. நம் பிள்ளைக்குப் பொருந்தக்கூடிய பெயர்கள் அந்தப் பட்டியலில் எத்தனை இருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

அரிவாள் செல் நோயுள்ள பிள்ளைக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால், நொண்டி நடந்தால், காரணமில்லாமல் வலிப்பு வந்தால் உடனே 995, சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும். போனதும் பிள்ளைக்கு அரிவாள் செல் நோய் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சென்ற வாரம் அந்தத் தாய் கூப்பிட்டதால் டிசிடி பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். பிள்ளை அசையாமல் படுத்திருந்தாள். ஜெல் சில்லென்று பட்டதும் ஒரு சிரிப்பு. கருவியிலிருந்து 'விஷ்க், விஷ்க்' என்று சத்தம் வந்தது. "பாட்டி, அது என்ன?" என்றாள். "உன் ரத்தம் ஓடுற சத்தம்டா" என்றேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். வலப்பக்கம் 152. இடப்பக்கம் 176. இடப்பக்கத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், சில மாதங்களில் மறுபடி பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மாத்திரையின் அளவைப் பற்றியும் பேசினார். 3 வயதுத் தம்பியின் எச்எல்ஏ பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் முடிவு இன்னும் வரவில்லை.